தொண்ணூறு நிமிடம்

செட்டிகுளம் ஜங்ஷன், செருப்புக்கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
ஆளுக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
தொண்ணூறு நிமிடம், கொள்ளும்வரை தின்னலாம்.
தட்டில் மிச்சம் வைத்தால் துண்டுக்கு ஐம்பது ரூபாய் என்று
கையாட்டும் பூனைப் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது.

கிளீட்டஸ் அதை இரண்டு தடவை வாசித்தார்.
நாற்பத்தொரு நாள் கழித்து முந்தாநாள்தான்
தேங்காய்ப்பட்டணத்தில் போட் அடைந்தது.
இன்னும் காலை அகற்றி வைத்துத்தான் நடக்கிறார்,
லிஃப்டுக்குள் நிற்கும்போதும் அப்படித்தான்.

பிறந்தநாளுக்கு இதுதான் வேண்டுமென்று
அடம்பிடித்துக் கூட்டிவந்தவள் ஜெர்ஷா.
போனில் பார்த்துப் பார்த்து
எல்லாவற்றுக்கும் பேர் தெரியும் அவளுக்கு.
அவள் சொல்லச் சொல்ல
பரிமாறுகிற பையன் சீட்டில் கோடு போட்டான்.
போதும் பிள்ளே என்று நான் சொன்னது
ஏழாவது கோட்டிலோ எட்டாவதிலோ.

வந்தது.
பழஞ்சியைப் பிழிந்து பிடித்ததுபோல் சோறு,
அதன் முதுகில் சிவப்பாய் ஒரு துண்டு.
"கேரை" என்றேன்.
"கேரைதான்" என்றார்.
முளகு அரைத்து, புளிவிட்டு,
மண்சட்டியில் தளதளவென்று கொதிக்காமல்
நான் ஒருநாளும் இறக்கினதில்லை அதை.
இங்கே தீயைக் காணாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது
ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை மாதிரி.

குச்சியைத் தொடவில்லை அவர்.
விரலால் எடுத்தார், விளக்குக்கு நேரே திருப்பினார், மணத்தினார்.
"பத்தொன்பது நாள் ஐஸ்."
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்தி பிடித்திருந்த பையன்
மிசோரமாம், லால்ருவாதா என்று சட்டையில் பேர்.
தமிழ் தெரியாவிட்டாலும்
மீனை மணத்துகிற ஆளைத் தெரிந்திருக்கும்.
துடைத்த பலகையை மறுபடியும் துடைத்தான்.

நான் ஒன்று வாயில் போட்டேன்.
இன்னொரு நாக்கு, குளிர்ந்தது,
என் நாக்கின்மேல் வந்து படுத்தது.
விழுங்கிவிட்டு, வெள்ளம் குடித்தேன்.

அவர் பையனைக் கூப்பிட்டார்.
"தம்பி, உப்பும் நாரங்காயும் கொண்டா."
கறுத்த சாறையும் பச்சைக் களிம்பையும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு
உப்பு ஒரு கிள்ளு, நாரங்காய் ஒரு சொட்டு.
ஒன்று. இரண்டு. ஆறு.
பழகின கை.

"எப்பம் படிச்சிய இப்பிடி திங்க?"

"அன்னைக்கு ஓமன் பக்கம் எஞ்சின் படுத்துதுல்லா.
கேஸ் தீந்து போச்சு. அரிசியில வெள்ளம் ஏறிப்போச்சு.
ஒன்பது நாளு."

ஒன்பது நாளில் ஒரு ராத்திரி
சேட்டலைட் போனில் கேட்டிருந்தேன், என்ன தின்னிய என்று.
கேரைக்கறி என்றார்.
நானும் பெரிதாய், வயிறு கெட்டுப்போகும், முளகு குறைச்சுப் போடச் சொல்லும்
என்றேன்.
போன் இரைந்தது. சரி என்றார்.
கூட இருந்த ஒன்பது பேரும்
அப்போது சிரித்தார்களா என்று
இப்போது கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஜெர்ஷா படம் எடுத்துக்கொண்டிருந்த போனை
மேசையில் கவிழ்த்து வைத்தாள்.
தட்டில் இன்னும் பதினொன்று.
ஐந்நூற்று ஐம்பது ரூபாய் என்று என் மனம் கணக்குப் போட்டது,
அது எப்போதும் அப்படித்தான், வெட்கமில்லாதது.

"நீங்க வைங்கோ, நான் தின்னுருவேன்."
கடைசித் துண்டைத் தலைகீழாய்ப் பிடித்துக் காட்டினார்,
வெள்ளை மேலே வரும்படி.
"இதுக்கு அடியில சோறு உண்டு, பாத்தியா" என்றார்.
குற்றம் சொல்வதுபோலவும் இல்லை,
மெச்சுவதுபோலவும் இல்லை.

பையன் வந்து காலித் தட்டை எண்ணினான்.
இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கு,
வேற என்ன வேணும் மேடம்?

சுடுவெள்ளம் உண்டுமா என்று கேட்டேன்.
மூன்று கிளாஸ்.
நல்லா கொதிச்சது.